நாரைக்கு ஒரு சாக்கு, மந்திக்கு ஒரு மேடை

ஒரே மின்கம்பியில், ஒரே மழை வாரத்தில், இரண்டு உயிர்கள் செத்தன. ஒன்று சாம்பல் நாரை. மற்றது மந்தி. நாரையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திக்கு ஊரே கூடி வெள்ளைச் சீலை எடுத்தது. ஜெயரூபிக்குத் தலையிடி தொடங்கியது அங்கேதான்.

ஜெயரூபி திரியாயில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வீடு திருகோணமலை நகரத்தில். விடியப் பஸ் ஏறினால் பாடசாலை மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து இறங்குவாள். அந்தப் பாடசாலையில் உயர்தர உயிரியல் வகுப்பு கிடையாது. சாதாரண தரத்தில் நன்றாகச் செய்த ஏழு பெண்பிள்ளைகள் உயிரியல்தான் படிப்போம் என்று நின்றார்கள். படிப்பதென்றால் நகரத்துக்குப் போகவேண்டும். ஒன்றரை மணி நேரப் பஸ், திரும்பிவர மாலை மங்கிவிடும். தகப்பன்மார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: "தனிய விடேலாது."

அப்படியானால் வகுப்பை இங்கேயே கொண்டுவருகிறேன் என்று ஜெயரூபி இறங்கினாள். ஒரு வருடம் ஓடினாள். ஆய்வுகூடத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருவார்கள், பட்டியலில் உள்ளவை எல்லாம் இருந்தால் அனுமதி என்றார்கள். இருபத்தொரு பொருட்கள். இருபதை எப்படியோ சேர்த்துவிட்டாள். கடைசியானது, ஒப்பிட்டுக் காட்ட இரண்டு எலும்புக்கூடுகள்.

அந்தக் கடைசியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். விண்ணப்பம் நிரப்பும்போது, "உங்கட பிரதேசத்துக்குப் பொருத்தமா ஏதாவது எழுதுங்கோ, மேலிடத்துக்குப் பிடிக்கும்" என்று ஒரு லிகிதர் சொல்ல, உற்சாகத்தில், 'நீரில் நின்று இரை தேடும் நாரையும் காட்டு மரங்களில் வாழும் மந்தியும்' என்று எழுதிவிட்டாள். மேலிடத்துக்குப் பிடித்துத்தான் போயிற்று. அதையே நிபந்தனையாக்கிவிட்டது.

பிறகு அந்த எலும்புகளை வைத்திருக்க அனுமதிக் கடிதம். ஒரு கந்தோரில் இது எங்கள் வேலையில்லை என்றார்கள். அடுத்த கந்தோரில் உரியவர் லீவு. மூன்றாம் முறை போனபோது உரியவர் இருந்தார், முத்திரை இல்லை. ஐந்தாம் முறை கடிதம் கைக்கு வந்தது: 'இறந்த நிலையில் காணப்படும் சாம்பல் நாரை ஒன்று, மந்தி ஒன்று.'

"ஆட்டு எலும்பு வைச்சா என்ன சேர்? இறைச்சிக் கடையில சும்மா தருவினம்," என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஆடு காட்டிலயோ இருக்கு ரீச்சர்?" என்றார் கடிதம் கொடுத்தவர்.

கடிதம் கிடைத்த பதினைந்தாம் நாள், குளக்கட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் நாரை அடிபட்டு விழுந்தது. வாய்க்காலுக்குள் சேறு பூசிக் கிடந்தது. போவோர் வருவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஜெயரூபி ஒரு உரச் சாக்கில் அதைத் தூக்கிப்போட்டு, ஆய்வுகூடத்துக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அதே கம்பி மந்தியையும் எடுத்தது. விழுந்த இடம் தங்கரத்தினத்தின் வேலியோரம்.

தங்கரத்தினம் கணவனை இழந்தவள். தென்னையும் கச்சான் கடலையும் வைத்திருக்கிறாள். ஏழு பிள்ளைகளில் ஒருத்தியான கீர்த்தனி அவளுடைய மகள்தான். அவளுக்கும் மந்திகளுக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. தகரம் தட்டுவாள், வெடி கொளுத்துவாள், கல்லெறிவாள். மந்திகளும் சும்மா இருந்தவையல்ல. நாரையென்றால் ஒரு மீனுக்காக அரைநாள் ஒற்றைக்காலில் நிற்கும், அது கிடைத்ததும் தன்பாட்டில் பறந்துவிடும். மந்தி தென்னையில் ஏறிப் பத்துக் குரும்பட்டியைப் பிடுங்கும், ஒன்றைக் கடிக்கும், ஒன்பதை எறியும், எறிந்துவிட்டுப் பல்லையும் காட்டும். "இந்த மூதேசியள் ஒண்டாவது செத்துத் துலையாதோ" என்று தங்கரத்தினம் நாளுக்கு இரண்டு தரமாவது சொல்வாள்.

செத்துக் கிடந்ததைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். "ஐயோ, அனுமாரே!"

ஜெயரூபி பஸ்ஸால் இறங்கி வந்தபோது மஞ்சள் தண்ணீர் தெளித்து, சீலை சுற்றி, குழியும் வெட்டியாகிவிட்டது. அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். மண் எலும்பைச் சுத்தமாக்கும். குழி வெட்டும் வேலையும் மிச்சம். மூன்று மாதம் பொறுத்துக் கிண்டினால் முடிந்தது. அதனால் சீலைக்கு அவளும் காசு போட்டாள். தங்கரத்தினம் கையைப் பிடித்து, "முதல் பூ நீங்கள் போடுங்கோ ரீச்சர், படிச்ச கை" என்றபோது, போட்டுவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டாள். பக்தி என்று சனம் நினைத்தது. மூடிய கண்ணுக்குள் அவள் மந்தியின் விரல் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மனிதர் மூடிய கண்ணைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே நடப்பதைப் பார்க்கிறவன் வேறு. அவன் உடனே ஒன்றும் சொல்வதில்லை.

மூன்று மாதத்தில் நாரை வெளியே வந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, மெல்லிய கம்பியில் கோத்து, ஜெயரூபி அதை நிறுத்தினாள். ஊதினால் பறந்துவிடும்போல ஒரு வெண்மை. நீண்ட கழுத்து வளைந்து, கீழே இல்லாத தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. பக்கத்தில் ஒரு வெறும் பலகை, மந்திக்காக.

அந்த மூன்று மாதத்தில் மந்தியும் வளர்ந்துவிட்டது. முதலில் ஒரு சிவப்புக் கொடி. பிறகு நாலு கல் அடுக்கி ஒரு மேடை. பிறகு விளக்கு, அதன்மேல் மழைபடாமல் ஒரு தகரக்கூரை. வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜெயரூபியின் வகுப்புப் பிள்ளைகளும் சேர்த்தி.

அதிகாரிகள் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள் என்று அதற்கு முந்திய வியாழன் கடிதம் வந்தது. ஜெயரூபி நேரே தங்கரத்தினத்திடம் போனாள். அவள் மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ ரீச்சர்."

சொன்னாள். தங்கரத்தினத்தின் கையில் விளக்குமாறு அப்படியே நின்றது.

"தோண்டவோ? அனுமாரைத் தோண்டவோ?"

"அனுமார் இல்லை அக்கா, மந்தி. உங்கட குரும்பட்டியைத் திண்ட மந்தி. நீங்கள் கல்லால எறிஞ்ச மந்தி."

"உயிரோட இருக்கேக்க எறிஞ்சனான். ஆர் இல்லையெண்டது? செத்தாப்பிறகும் எறியச் சொல்லுறியளோ?"

"எறியச் சொல்லேல்லை. மூண்டு மாசத்துக்கு எடுத்துத் தாங்கோ, பிறகு திரும்ப வைப்பம்."

"இதென்ன, இரவல் வாங்குற உரலோ?"

"கீர்த்தனியும்தானே படிக்கவேணும் அக்கா!"

அந்த இடத்தில் தங்கரத்தினத்தின் முகம் கறுத்தது. "என்ர பிள்ளையை வைச்சு என்னை வெருட்டாதேங்கோ. முதல் பூ போட்டது நீங்கள். இப்ப வந்து நிக்கிறதும் நீங்கள். எனக்கு விளங்கேல்லை. நீங்கள் கோயில் ஐயாவோட கதையுங்கோ."

கோயில் ஐயா என்றது இராசையாவை. பிள்ளையார் கோயில் நிர்வாகம் அவர்தான். எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிப் பகை தேடாத மனிதர். "நான் ஆர் பிள்ளை சொல்லுறதுக்கு? பூ வைச்சுக் கேப்பம்," என்றார்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, அடுத்ததாகக் கோயிலுக்குள் வருகிறவர் யாரோ, அவரை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பென்றால் இல்லை. தங்கரத்தினமும் இதற்கு ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் கூடினார்கள்.

"பொட்டலத்தை ரீச்சர் கட்டட்டும்," என்றாள் தங்கரத்தினம். "மற்ற ஆரும் கட்டினா அவவுக்குச் சந்தேகம் வரும்."

ஜெயரூபி மடைப்பள்ளிக்குப் பின்னால் தனியே நின்றாள். முன்னால் இரண்டு வாழையிலைத் துண்டு, ஒரு தட்டில் வெள்ளை நந்தியாவட்டையும் சிவந்த செவ்வரத்தையும். முதல் இலையில் நந்தியாவட்டையை வைத்துச் சுற்றிக் கட்டினாள். இரண்டாவது இலைக்கும் அவள் கை நந்தியாவட்டையைத்தான் எடுத்தது.

யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் சந்தேகப்பட மாட்டார்கள். ஏழு பிள்ளைகளின் படிப்பு. ஒரு வருட ஓட்டம். தனக்காகவா செய்கிறாள்? இலையை மடித்தும் விட்டாள். நூலைச் சுற்றும்போது கை நின்றது. அன்றைக்குக் குழிக்கு முன்னால் கண்ணை மூடி ஒருமுறை ஏமாற்றியாயிற்று. அந்த ஏமாற்றுத்தான் கல்லும் கூரையுமாக எழும்பி இப்போது வழியை மறித்து நிற்கிறது. இன்னொன்றையும் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் என்ன முகத்தோடு நிற்பது? இலையைப் பிரித்து, வெள்ளையை எடுத்துவிட்டு, செவ்வரத்தையை வைத்துக் கட்டினாள்.

வாசலால் வந்தது ஊர் மருத்துவமாது நிரோஜினி. என்ன விஷயமென்றே அவளுக்குத் தெரியாது. சொன்னபடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வரத்தை.

ஜெயரூபி யாரோடும் கதைக்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் பிள்ளையாரோடு சண்டை. 'நேர்மையாக நடந்ததற்கு இதுதான் கூலியோ? பொய்க்குப் பூப் போட்டபோது பேசாமல் இருந்தீர். உண்மையாகக் கட்டினபோது கையை விரித்துவிட்டீர்.' பஸ்ஸும் அன்று முக்கால் மணி பிந்தி வந்தது. அதுவும் அவர் கணக்கில்தான் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மூன்று அதிகாரிகள் வந்தார்கள். மூத்தவர் கலீலுர் றஹ்மான், முன்னர் மூதூரில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். இருபது பொருளுக்கும் சரி போட்டுக்கொண்டு வந்தவர் நாரைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ். இதை ஆர் கட்டினது?"

"நான்தான் சேர்."

"ஒரு எலும்பும் பிசகேல்லை." பக்கத்தில் வெறும் பலகையைப் பார்த்தார். "மந்தி எங்க?"

ஜெயரூபி வாயைத் திறக்குமுன் கீர்த்தனி முன்னால் வந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, தன் கையை நாரையின் சிறகுக்குப் பக்கத்தில் நீட்டினாள். "சேர், இது மேற்கை எலும்பு, எனக்கும் இருக்கு, நாரைக்கும் இருக்கு. இந்த இரண்டும் அப்படித்தான். விரலில வந்துதான் பிரியுது. நாரைக்கு விரல் ஒட்டிச் சிறகாச்சு. மந்திக்கு நீண்டு, கொப்பைப் பிடிக்கிற கையாச்சு. எனக்குப் பேனை பிடிக்கிற கை."

கலீலுர் றஹ்மானின் முகம் மலர்ந்தது. மற்ற இருவரும்கூடச் சிரித்தார்கள். ஜெயரூபிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அவர் படிவத்தைப் பார்த்தார், திரும்பவும் பிள்ளையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"மகள் சொன்னதுக்கு நான் நூறு புள்ளி போடுவன். ஆனா ரீச்சர், இதில மந்தி எண்டு கிடக்கு. உங்கட கையெழுத்தும் கிடக்கு. பிள்ளையின்ர கைக்கு இதில ஒரு கட்டமும் இல்லையே."

நாய் கொண்டுபோய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஜெயரூபி உள்ளதைச் சொன்னாள். அவர் மேடையைப் பார்க்கவேண்டும் என்றார். தூரத்திலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எட்ட நின்று பார்த்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த தங்கரத்தினம் எழும்பி நின்றாள்.

"இதைக் கிண்டச் சொல்லி நான் எழுதமாட்டன்," என்றார் கலீலுர் றஹ்மான் மெதுவாக. "சனம் கும்பிடுற இடம். ஆனா அனுமதியும் எழுதேலாது. என்னை மன்னியுங்கோ." படிவத்தில் எழுதியது இவ்வளவுதான்: 'முழுமையற்றது. அடுத்த வருடம் மீண்டும் பார்வையிடவும்.'

அடுத்த வருடம் என்பது அந்த ஏழு பேருக்கும் இல்லாத வருடம்.

வாகனம் போனபிறகு ஜெயரூபி ஆய்வுகூடத்துக் கதிரையில் இருந்தாள். எழும்ப மனமில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. தங்கரத்தினம்.

"நான்தான் உங்கட வகுப்பைக் கெடுத்தனான் எண்டு நினைக்கிறியள், என்ன?"

"ஓம், நினைக்கிறன்," என்றாள் ஜெயரூபி. மரியாதைக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. பிறகு மற்றதையும் சொல்லிவிட்டாள். "அண்டைக்கு நான் கும்பிட்டுப் பூப் போடேல்லை அக்கா. பிறகு கிண்டி எடுக்கலாம் எண்டுதான் போட்டனான்."

தங்கரத்தினம் வாயில் கைவைத்தாள். கத்தப் போகிறாள் என்று ஜெயரூபி நினைத்தாள். ஆனால் அவள் பிள்ளைகள் இருக்கும் வாங்கில் மெல்ல இருந்தாள்.

"நான் மட்டும் திறமோ? அது விழுந்ததுக்கு முதல்நாளும் செத்துப்போ எண்டு திட்டினனான். அடுத்தநாள் செத்துக் கிடக்கு. பயத்திலதான் ரீச்சர் சீலை சுத்தினது. பக்தி பிறகுதான் வந்தது."

தங்கரத்தினத்தின் கண் நாரைக்குப் போயிற்று.

"இது எங்கத்தையான்?"

"அதே கம்பியில செத்தது. நாலு நாள் முந்தி."

"இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"உரச் சாக்கில போட்டுப் புதைச்சன்."

"ஒரு பூவும் இல்லாமலோ?" எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். "பாவம். ஒரு நாளும் என்ர தோட்டத்துக்க வந்து ஒண்டைத் தொடேல்லை. வாய்க்காலுக்க கிடக்கேக்க நானும்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு போனனான்." பிறகு திரும்பினாள். குரல் சண்டைக்காரிக் குரலாயிற்று. "சரி, தகப்பன்மாருக்கு என்ன பிரச்சினை? தனிய விடேலாது, அவ்வளவுதானே?"

"ஓம்."

"நான் போறன்."

"எங்க?"

"பிள்ளையளோட திருகோணமலை ரவுணுக்கு. கச்சானை வீட்டு வாசல்ல வந்து அள்ளிக்கொண்டு போறான் வியாபாரி. இனி நானே சந்தைக்குக் கொண்டுபோறன். விடிய ஏழு பேரையும் பள்ளிக்கூட வாசல்ல விட்டுப்போட்டு, முடிய நிண்டு கூட்டிக்கொண்டு வாறன். ஆர் மறிக்கிறதெண்டு பாப்பம். ஏழு வீட்டுக்கும் இப்பவே போறன்."

"அக்கா, ஒவ்வொரு நாளுமோ? இரண்டு வருசம்!"

"மந்தியோட பன்ரண்டு வருசம் மல்லுக்கட்டினனான் ரீச்சர். இது பிள்ளையள்தானே."

அவள் இறங்கிப் போய்விட்டாள். ஜெயரூபி சந்தோஷப்படவேண்டும். முழுதாகப் படமுடியவில்லை. ஏழு பேரும் படிப்பார்கள், ஆனால் அவளிடம் அல்ல. ஒரு வருடம் கந்தோர் கந்தோராக ஏறியிறங்கி அவள் கட்டிய வகுப்பு, நாரை மட்டும் நிற்கும் ஒரு அறையாகக் கிடக்கிறது. கதவைச் சாத்திப் பூட்டுக்குள் போட்ட திறப்பு வழக்கம்போல இறுகியது. அதற்கும் ஒரு ஏச்சு விழுந்தது.

அடுத்த மாதம் வகுப்புகள் தொடங்கின. விடியலில் ஜெயரூபியின் பஸ் வடக்கே போகும். பிள்ளைகளின் பஸ் தெற்கே வரும். குச்சவெளியில் சிலநேரம் இரண்டும் எதிரெதிரே இரண்டு நிமிடம் நிற்கும். முதல் கிழமை ஜெயரூபி மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் கிழமை எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து கூப்பாடு.

"ரீச்சர்! ரீச்சரோய்! இஞ்சால பாருங்கோ!" தங்கரத்தினம் யன்னலால் அரைவாசி வெளியே நின்றாள். பக்கத்தில் கச்சான் மூட்டை. பின் சீற்றில் ஏழு தலைகள், நாலு நித்திரை. "உங்கட பிள்ளைக்கு ஏதோ விளங்கேல்லையாம். புது ரீச்சரிட்டக் கேக்க வெக்கமாம். கேளடி!"

கீர்த்தனி எட்டிப்பார்த்து, உயிரியல் பாடத்தில் கலப்பிரிப்பு பற்றி ஏதோ கேட்டாள். பதில் சொல்ல வாய் திறக்கப் பஸ் எடுத்துவிட்டது. ஜெயரூபிக்கு அன்று முழுக்க எரிச்சல். பின்னேரம் வீடு வந்து, ஒரு தாளில் படம் கீறி, பதிலை எழுதி மடித்து வைத்தாள். மறுநாள் பஸ் நின்றதும் கையை நீட்டினாள். தங்கரத்தினமும் நீட்டினாள். தாள் கைமாறியது.

அதற்கடுத்த நாள் தங்கரத்தினத்தின் கையில் வேறொரு தாள், நாலு கேள்விகளோடு. அதோடு ஒரு முறைப்பாடும் வந்தது.

"எழுத்துச் சின்னனாக் கிடக்காம் ரீச்சர். பஸ் குலுக்கிற குலுக்கலில வாசிக்கேலாதாம். பெருசா எழுதுங்கோ!"

"குலுங்காத பஸ்ஸில ஏறச் சொல்லுங்கோ," என்று ஜெயரூபி கத்தினாள். கத்திவிட்டு, தாளை விரித்து, பேனையைத் தேடினாள்.